ஒண்ணு பின்னாடி

என் மச்சான் வீட்டுத் தறியில் ஓர் அன்னம் திருதிருவென்று முழித்தது. அதைப் பார்த்து நான் முழித்தேன். அந்த வாரம் முழுக்க எங்கள் இருவரில் யார் அதிகம் முழித்தது என்று இன்றுவரை வீட்டில் பேச்சு ஓயவில்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. பிள்ளையார்பாளையத்தில் அவனும் அவன் மனைவியும் ஒரே தறியில் மாற்றி மாற்றி நெய்கிறார்கள். காலையில் அவள், மதியச் சாப்பாட்டுக்கு மேல் அவன். அவள் என்னை அண்ணா என்பாள். எனக்கு அவள் தங்கச்சி. நான் நாலு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். வீட்டில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டர் வேலை. அதனால் சொந்தத்தில் யார் வீட்டு ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் எனக்குத்தான் போன் வரும். பேட்டரியை மாற்றிவிட்டு, ஏதோ பெரிய ஆபரேஷன் முடித்த டாக்டர் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு காபி குடித்துவிட்டு வருவேன். இருபது வருடமாக அப்படித்தான் பெயரைக் காப்பாற்றி வந்தேன்.

தங்கச்சிக்கு முழங்கால் வலி. டிசைன் விழவைக்கிற பழைய ஜக்கார்டு கருவியில் துளை போட்ட அட்டைகளைச் சங்கிலி மாதிரி கோத்துத் தறிக்கு மேலே தொங்கவிட்டிருப்பார்கள். ஒவ்வொரு ஊடைக்கும், அதாவது குறுக்கே போகிற ஒவ்வொரு இழைக்கும், அந்தப் பாரம் முழுவதையும் காலால் மிதித்துத்தான் தூக்கவேண்டும். மதியம் அவள் தறியை விட்டு எழுந்திருப்பதற்கு முதலில் தறிமரத்தைப் பிடிப்பாள், அப்புறம் சுவரைப் பிடிப்பாள், அப்புறம் புருஷனைத் திட்டுவாள். இந்த மூன்றும் இருந்தால்தான் எழுந்திருக்க முடியும்.

அந்த நேரத்தில்தான் நெசவாளர் சங்கத்திலிருந்து ஒரு பெட்டியை வெள்ளோட்டத்துக்குக் கொடுத்தார்கள். அட்டை கிடையாது. டிசைன் பென் டிரைவில் இருக்கும். பெட்டி அதை வரிவரியாகப் படித்து, மோட்டார் வைத்து இழைகளைத் தூக்கிவிடும். மிதி பூ மாதிரி இறங்கும். தங்கச்சி முதல் நாள் காலை முழுக்க மிதித்தாள். மதியம் எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றாள். மச்சானுக்குத்தான் அன்று திட்டு விழாமல் ஒரு மாதிரி இருந்ததாம்.

ஒரே ஒரு நிபந்தனை. வெள்ளிக்கிழமை சங்கத்துக்காரர் வந்து புடவையின் முந்தியைப் பார்ப்பார். பெட்டியால் நெய்ததில் குறை இருந்தால் பெட்டி கழற்றப்பட்டு வேறு வீட்டுக்குப் போகும். அட்டை திரும்பி வரும். முழங்கால் வலியும் கூடவே வரும்.

திங்கட்கிழமை சாயங்காலம்தான் அந்த அன்னம் முழித்தது. முந்தியில் ஒன்றன் மேல் ஒன்றாக அன்னங்கள். ஒரு வேளைக்கு ஒன்று நெய்ய முடியும். அன்னத்தின் கண் என்பது ஒரே ஓர் ஊடை, சிவப்பு நூல். காலையில் நெய்த அன்னம் அரைக்கண் மூடி, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்த மாதிரி நிம்மதியாக இருந்தது. மதியம் நெய்ததில் அந்தச் சிவப்பு இரண்டு ஊடையாக விழுந்து, கண் பிதுங்கி, யாரோ பின்னாலிருந்து "பே" என்று கத்தியது மாதிரி நின்றது.

மச்சான் போன் செய்தான். "மாமா, மத்தியானமானா பெட்டி சூடாயிடுது மாமா. அந்த சூட்டுல அன்னத்துக்குக் கண்ணு பிதுங்குது."

சூட்டுக்கும் கண்ணுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லி, மறுநாள் லேப்டாப்போடு வருவதாக வாக்குக் கொடுத்தேன். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஏனென்றால் போன வருடம் நான் ஒரு ட்ரேசர் எழுதியிருந்தேன், அதற்கு அதுவரை ஒரு வேலையும் கிடைக்கவில்லை.

ட்ரேசர் என்பது பெரிய விஷயமில்லை. எந்தப் புரோகிராமும் கோப்பைத் திறக்க, படிக்க, மூட, எல்லாவற்றுக்கும் உள்ளே கணக்குப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும் கெர்னலிடம் கேட்டுத்தான் ஆகவேண்டும். அது கேட்கிற ஒவ்வொன்றையும் ஒட்டுக்கேட்டு, எத்தனை மணிக்கு என்ன கேட்டது என்று வரிவரியாக எழுதித் தருவது ட்ரேசர். எங்கள் தெருவில் இந்த வேலையைக் கம்ப்யூட்டரே இல்லாமல் செய்கிறவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். பெரிய ட்ரேசர்கள் இந்த மாதிரிச் சின்னப் பெட்டிகளில் ஓடாது என்பதால், கையடக்கமாக ஒன்றை நானே எழுதி, மனைவியிடம் பெருமை அடித்துக்கொண்டேன். அவள், "இத வெச்சி இட்லி மாவு புளிச்சுதான்னு பாக்க முடியுமா" என்று கேட்டதோடு சரி.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, சீக் என்ற கேள்வியைப் பிரித்துக் காட்டும் பகுதி. கோப்புக்குள் ஒரு விரல் வைத்துப் படிக்கிறோம் என்று வையுங்கள். அந்த விரலை நகர்த்து என்பதுதான் சீக். எந்தக் கோப்பு, எவ்வளவு தூரம், எங்கிருந்து. இந்த மூன்றும் சொல்லவேண்டும். எங்கிருந்து என்பதற்கு மூன்று விடைகள் உண்டு: தொடக்கத்திலிருந்து, இப்போது இருக்கிற இடத்திலிருந்து, கடைசியிலிருந்து. இதில் எது என்று சொல்லாமல் வெறும் தூரத்தை மட்டும் சொன்னால் என்ன ஆகும் என்பது எனக்கு அனுபவப்பட்ட விஷயம். மச்சானுக்குக் கல்யாணமான புதிதில் "ஏழாவது வீடு" என்று சொன்னார்கள். எந்த முனையிலிருந்து ஏழாவது என்று யாரும் சொல்லவில்லை. நான் சீர்த்தட்டோடு மறுமுனையிலிருந்து ஏழாவது வீட்டுக்குள் போய், நாற்காலியில் உட்கார்ந்து, காபி குடித்து, சுவரில் இருந்த போட்டோவில் ஒரு முகமும் தெரியவில்லையே என்று யோசித்த பிறகுதான் எழுந்தேன். அவர்கள் ரொம்ப நல்லவர்கள். தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பெட்டியில் லேப்டாப்பை இணைத்து ட்ரேசரை ஓடவிட்டேன். தங்கச்சி நெய்தாள். திரையில் வரிகள் அழகாக ஓடின. ஒரு ஊடைக்கு அறுபது பைட். மிதித்தால் அறுபது பைட் படிக்கும், மறுபடி மிதித்தால் அடுத்த அறுபது. படி, படி, படி. தாலாட்டு மாதிரி இருந்தது. எனக்குக் கண் சொக்கிய நேரத்தில், நடுவே ஒரு வரி வந்தது. சீக். இப்போது இருக்கிற இடத்திலிருந்து. தூரம்: 4294967236.

நான் எண்ணிப் பார்த்தேன். மறுபடி எண்ணினேன். நானூற்று இருபத்தொன்பது கோடியே சொச்சம். டிசைன் கோப்பு மொத்தமே இரண்டு லட்சம் பைட்டைத் தாண்டாது. அதாவது, அடுத்த வீட்டுக்குப் போகக் கிளம்பிய ஆள் நிலாவைத் தாண்டிப் போய்விட்டான்.

வாயைத் திறக்கவில்லை. வியர்வை மட்டும் திறந்துகொண்டது. காலையில் அந்த எண் ஏழு முறை வந்தது. மதியம் மச்சான் உட்கார்ந்த பிறகு இரண்டிரண்டாக, ஜோடி ஜோடியாக வர ஆரம்பித்தது. சாயங்காலம் நெய்த துணியைச் சுருட்டும்போது பார்த்தால் அன்றைய மதிய அன்னத்துக்கும் கண் பிதுங்கியிருந்தது. என் மூளைக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. பெட்டிக்குள் வைரஸ். அதுவும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மடங்கு சுறுசுறுப்பாகிற வைரஸ்.

பிளக்கைப் பிடுங்கினேன். யாரும் கிட்டே வரவேண்டாம் என்றேன். பென் டிரைவை உருவி, பெட்டியை ஒரு பழைய போர்வையால் மூடினேன். ஏன் மூடினேன் என்று கேட்காதீர்கள். அதற்குக் குளிரும் என்றுகூட நினைத்திருக்கலாம். மச்சான் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "நானூறு கோடிக்கு மேல போகுதுடா" என்று மட்டும் சொன்னேன். வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே உதவாத வாக்கியம் அதுதான்.

வீட்டுக்கு வந்து பென் டிரைவை ஓர் எவர்சில்வர் டப்பாவில் இருந்த அரிசிக்குள் புதைத்தேன். போன் தண்ணீரில் விழுந்தால் அரிசியில் வைப்பார்களே, அந்த ஞாபகம். பென் டிரைவ் நனையவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன், ஆனால் புதைத்த பிறகு. அப்புறம் என்னுடைய எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றினேன். எதை என்னவாக மாற்றினேன் என்பது இரண்டு நாளைக்கு எனக்கே தெரியவில்லை.

புதன்கிழமை காலை என் மனைவி அந்த அரிசியை அளந்து, களைந்து, உலையில் போடப் போகும்போது கையில் ஏதோ தட்டுப்பட்டது. இப்போது பென் டிரைவ் நிஜமாகவே நனைந்துவிட்டது. வேறு வழியில்லாமல் புதிதாக வேறு அரிசியில் புதைத்தோம். "இன்னா மனுஷன்யா நீ" என்று அவள் கேட்டது, பதிலை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி இல்லை.

அதற்குள் பிள்ளையார்பாளையத்தில் என் வாக்கியம் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. மச்சான் டீக்கடையில் சொல்ல, பத்து மணிக்கு அது "தறிப் பெட்டிக்குள்ள நானூறு கோடி வைரஸ்" என்று ஆகிவிட்டது. பதினோரு மணிக்கு எதிர்வீட்டுக்காரர் மாஸ்க் போட்டுக்கொண்டு தண்ணீர் பிடிக்க வந்தார். மதியம் யாரோ ஒருவர், நல்ல மனதோடுதான், தறி வீட்டு வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார். தறி மட்டும் ஓடவில்லை. வெள்ளிக்கு இன்னும் ஒரு நாள்தான். மச்சான் பரணிலிருந்து பழைய அட்டைகளை இறக்கித் தூசி தட்டி வைத்தான். தங்கச்சி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். இதை அவன் போனில் சொன்னபோது நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பதற்றத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே முதலுதவி அது.

வியாழன் காலை தங்கச்சியே வந்துவிட்டாள். எங்கள் வீட்டு ஏழு படியையும் ஒவ்வொன்றாக, ஒரு கால் வைத்து மறுகாலை இழுத்து ஏறி வந்தாள். தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"அண்ணா, ஒங்க மிஷின் அன்னிக்கி எழுதிச்சே, அத காட்டுங்க."

அது உனக்குப் புரியாதும்மா என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கும் புரியவில்லை என்பது நினைவுக்கு வந்ததால் லேப்டாப்பைத் திறந்தேன். அவள் எண்ணைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த நேரத்தைப் பார்த்தாள்.

"பத்தேகாலுக்கு இன்னா இது?"

"அதாம்மா. நானூத்தி இருபத்தொம்பது கோடி."

"பத்தேகாலுக்கு கேஸ் சிலிண்டர் வந்துச்சி. எழுந்து போயி வந்து உக்காந்தா ஊடை தப்பா போயிருந்துது. அத எடுத்துட்டு, பெட்டியில இருக்குற பட்டன அமுக்கி ஒண்ணு பின்னாடி வந்தேன்." விரலால் அடுத்த வரியைத் தொட்டாள். "இதும் அப்டித்தான், நூலு அறுந்துது. இது, நீங்க தூங்கி தலை தறி மேல சாயப் போனீங்களே, அப்போ. ஏழு எடத்துல கோடி இருக்குதா? நான் ஏழு தடவதான் பின்னாடி போனேன்."

பின்னாடி.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்கூட்டர் மீட்டர் சைபரில் நிற்கும்போது அதை ஒன்று பின்னால் சுழற்றினால் என்ன காட்டும்? மைனஸ் ஒன்று காட்டாது. எல்லா இடத்திலும் ஒன்பது காட்டும். கம்ப்யூட்டரும் அதே ஜாதி மீட்டர்தான். மைனஸ் என்று ஒன்று உண்டு என்று நாம் சொல்லித்தரவேண்டும். சொல்லித்தராவிட்டால், அறுபது பின்னால் போனது அதன் கண்ணுக்கு நானூற்று இருபத்தொன்பது கோடி முன்னால் போனதாகத் தெரியும். பெட்டி சரியாகத்தான் கேட்டிருக்கிறது: இருக்கிற இடத்திலிருந்து அறுபது பைட், அதாவது ஓர் ஊடை, பின்னால். அதைத் தப்பாக மொழிபெயர்த்தது ட்ரேசர். ட்ரேசரை எழுதியது யார் என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

போய்ப் பார்த்தேன். ஒரே ஓர் எழுத்து. டி போட்டால் மைனஸ் தெரியும், யு போட்டால் தெரியாது; டி போடவேண்டிய இடத்தில் யு போட்டிருந்தேன். மாற்றிவிட்டு மறுபடி காட்டினேன். ஏழு இடத்திலும் அடக்க ஒடுக்கமாக மைனஸ் அறுபது வந்து நின்றது.

"அப்போ வைரஸ் எங்க அண்ணா இருக்குது?"

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "லேப்டாப்புக்கு முன்னாடி உக்காந்துக்கினு இருக்குது பாரு."

எனக்கு அது வலிக்கவில்லை. அதைவிடப் பெரிய சந்தேகம் வந்திருந்தது. பெட்டி ஒழுங்காகத்தான் இருக்கிறது என்றால் அன்னம் ஏன் முழிக்கிறது? மதிய வரிகளைப் பார்த்தோம். மைனஸ் அறுபது, உடனே இன்னொரு மைனஸ் அறுபது. எல்லா இடத்திலும் ஜோடி. தங்கச்சி அதைப் பார்த்தாள். பிறகு என் போனை எடுத்துத் தானே டயல் செய்தாள். மச்சான் ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டான். அவள் கூப்பிட்ட குரல் அப்படி.

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை என்பதுதான் வேடிக்கை. அவனுக்கு அட்டைப் பழக்கம். அவர்கள் வீட்டுப் பழைய ஜக்கார்டில் ஊடை போட்டு முடிந்ததுமே அட்டை ஒன்று தாண்டிப்போய் நிற்கும். திரும்ப வரவேண்டுமானால், தாண்டியதற்கு ஒன்று, தப்பிய ஊடைக்கு ஒன்று என்று இரண்டு திருப்பவேண்டும். பதினைந்து வயதிலிருந்து அவன் கை இரண்டுதான் திருப்பியிருக்கிறது. அதே கை, ஒரு முறை போதுமான பெட்டியின் பட்டனையும் இரண்டு முறை அமுக்கியது. அன்னத்தின் கண்ணுக்கு அடுத்த ஊடையில்தான் சிவப்பு நூல் எப்போதும் சிக்கும். அங்கே தப்பி, இரண்டு பின்னால் போனால், கண் ஊடையே மறுபடி வரும். அவன் கர்ம சிரத்தையாக அதையும் நெய்துவிடுவான். அன்னத்துக்கு இரண்டு கண் ஒன்றன் மேல் ஒன்று.

"ஒண்ணு பின்னாடி போன்னுதான சொன்னேன்" என்றாள் அவள்.

"ஒண்ணுதான் போனேன்."

"ரெண்டு அமுக்கியிருக்கியே."

"ரெண்டு அமுக்கினாதான ஒண்ணு."

"எங்கிருந்து ஒண்ணு? நான் சொன்னது நெய்ஞ்ச எடத்துலருந்து."

"நான் போனது நிக்கிற எடத்துலருந்து."

நான் குறுக்கே புகுந்து, இதைத்தான் கம்ப்யூட்டரில் தூரம் மட்டும் போதாது, எங்கிருந்து என்பதும் வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள் என விளக்க ஆரம்பித்தேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். புருஷன் பொண்டாட்டி சண்டையில் நடுவே பேசினால் இரண்டு பேரும் ஒன்றாகிவிடுவார்கள். அந்த வகையில் நான் அன்று ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைத்தேன்.

பென் டிரைவை அரிசியிலிருந்து எடுத்துச் சட்டையில் துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு லேப்டாப்பில் செருகினேன். டிசைன் திறந்தது. என் மனைவி, "அரிசிதான் காப்பாத்திச்சி, நீ இல்ல" என்று மறக்காமல் சொன்னாள்.

வியாழன் முழுக்கத் தறி ஓடியது. முதலில் செவ்வாய் மதியத்து அன்னத்தை ஊடை ஊடையாகப் பிரித்தார்கள். அவள் பட்டனை அமுக்க, அவன் இழையை எடுக்க, நான் போர்வையை மடித்தேன். அந்த அன்னத்தை மறுபடி நெய்தபோது மதியம்தான், மச்சான்தான் உட்கார்ந்தான். ஒவ்வொரு முறை பட்டனிடம் கை போகும்போதும் தங்கச்சி பின்னாலிருந்து "ஒண்ணு" என்றாள். அந்த அன்னம் அரைக்கண் மூடி, ஜம்மென்று வந்தது. திங்கட்கிழமை அன்னத்தைத் தொட முடியவில்லை. அதைப் பிரிக்கவேண்டுமென்றால் செவ்வாய் காலையில் அவள் நெய்த நல்ல அன்னத்தையும் பிரிக்கவேண்டும். அதற்கு நேரமில்லை. ஜரிகையும் தாங்காது. திங்கள் அன்னம், நெய்த துணியைச் சுற்றுகிற படமரத்தில் சுருண்டு உள்ளே போயிருந்தது. அப்படியே விட்டுவிட்டோம்.

வெள்ளி காலை சங்கத்துக்காரர் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, புடவையைத் தடவிப் பார்த்து, பெட்டியைத் தட்டிப் பார்த்தார். வாசலில் மஞ்சள் தண்ணீர்த் தடம் இன்னும் இருந்தது. அவர் அதைச் சுற்றிக்கொண்டு வந்ததை நான் கவனித்தேன். தங்கச்சி நின்றுகொண்டே இருந்தாள். நின்றால் அவளுக்கு வலிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் உட்காரச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

அவர் பட்டனைக் காட்டினார். "இதுல ரெண்டு ஊடை பின்னாடி போயி காட்டுங்க பாக்கலாம்."

மச்சான், தங்கச்சி, நான் மூன்று பேரும் ஒரே குரலில் கேட்டோம். "எங்கிருந்து?"

நெய்த இடத்திலிருந்தா நிற்கிற இடத்திலிருந்தா என்று தங்கச்சி பொறுமையாக விளக்கினாள். அவரும் ஒரு காலத்தில் தறியில் உட்கார்ந்தவர்தான் போலிருக்கிறது. விரலைக் காற்றில் வைத்து, ஏதோ கண்ணுக்குத் தெரியாத அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு, "எங்க வீட்டுல மூணு திருப்புவாங்கம்மா" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

படமரத்தைத் தளர்த்தி முந்தியை விரித்தபோது திங்கட்கிழமை அன்னம் வெளியே வந்தது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இது மட்டும் இன்னா இப்பிடிப் பாக்குது?"

தங்கச்சி மறைக்கவில்லை. பெட்டி மேல் குறை இல்லை, பட்டனை அமுக்கிய கணக்கில்தான் குழப்பம் என்று சொல்லி, அதற்குப் பிறகு மதியத்தில் நெய்ததைக் காட்டினாள். அவர் இரண்டையும் ஒப்பிட்டார். பிறகு என்ன தோன்றியதோ, அன்னத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"சார் யாரு?"

"எங்க அண்ணன். செவ்வாக்கிழம முழுக்க பக்கத்துலதான் ஒக்காந்துக்கினு இருந்தாரு" என்றாள் தங்கச்சி. "இது திங்கக்கிழம நெய்ஞ்சது. இவரு வர்றாருன்னு மொதல்லியே தெரிஞ்சிருக்குது அதுக்கு."

அவர் சிரித்ததில் கண்ணாடி நழுவியது. படிவத்தில் "பெட்டியில் குறை இல்லை" என்று எழுதினார். கீழே, இந்தப் பட்டன் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டவேண்டும், எல்லா வீட்டுக்கும் சேர்த்து நானே எழுதித் தரவேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். நான் அப்போதே ஒன்று எழுதி ஒட்டினேன்: "ஒன்று பின்னால். நெய்த இடத்திலிருந்து." மச்சான் அதைப் படித்துவிட்டு, இதைத்தானே நானும் சொன்னேன் என்றான்.

தங்கச்சி தறியில் உட்கார்ந்து மிதித்தாள். மிதி பூ மாதிரி இறங்கியது. பக்கத்தில் என் லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது. படி, படி, படி. ஓர் ஊடை தப்பியது போல. அவள் ஒரு முறை பட்டனை அமுக்கினாள். மைனஸ் அறுபது. நான் பதறவில்லை. கொஞ்சம்தான் பதறினேன், ஆனால் அன்னத்தைத் தவிர யாரும் பார்க்கவில்லை.